கரடி முதலில் இறங்கட்டும்

போன மாதம் ஒரு வேலையாக ரேஞ்ச் ஆபீசுக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலரைப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே பேசியதில் ஒருவர் கேட்டார்: "எங்க பேட்ச்ல முதுமலைக்குப் போனவங்க தினமும் யானை, புலின்னு போட்டோ அனுப்புறாங்க சார். நமக்கு விழுந்தது பச்சைமலை. இங்க என்னதான் சார் இருக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் அப்படித்தான்.

நான் திருமானூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் கொள்ளிடக் கரை ஒன்றுதான். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லும் கரும்பும். எழுபதுகளின் நடுவில் வனக் காவலர் வேலை கிடைத்து, பெரம்பலூருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, அரியலூர் தாண்டி மேற்கே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "அது என்னங்க, மழை மேகமா?" என்று கேட்டேன். "மலைங்க" என்றார். என் வேலை அதன் மேல்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது நம்பும்படியாக இல்லை.

பச்சைமலை உயரத்தால் மிரட்டுகிற மலை இல்லை. அடிவாரத்தில் காரையும் சூரையும் கிளுவையுமாக முட்காடு. நடுச்சரிவில் உசிலையும் வெக்காலியும் கல்மூங்கிலும். அதற்கும் மேலே போனால் திடீரென்று தரை சமமாகிவிடும். அங்கே மலைக்காரர்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டிருப்பார்கள். மேலே பெய்கிற மழை ஓடைகளாகக் கீழே இறங்கி, ஏரிகளை நிரப்பிவிட்டு, மீதி மருதையாற்றில் சேர்ந்து அரியலூர்ப் பக்கம் போகிறது. யானை இல்லை, புலி இல்லை. புள்ளிமான் உண்டு, காட்டுப்பன்றி உண்டு, எறும்புதின்னி உண்டு, ராத்திரியில் கொட்டக்கொட்ட விழிக்கும் தேவாங்கு உண்டு. கரடி உண்டு.

அப்போது எங்களுக்கு இருந்த ரேஞ்சர் அதிகம் பேசாதவர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் ரேஞ்சர் என்றே சொல்கிறேன். நான் சேர்ந்த வாரம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த மலையில காத்து எப்பிடி அடிக்குது, பாத்தியா?" பார்க்கவில்லை என்றேன். "பாரு" என்றார். அவ்வளவுதான் பாடம். பார்த்தேன். பகலில் பாறைகள் காய்ந்ததும் காற்று கீழிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் மேலிருந்து கீழே இறங்கும். இது எதற்கு உதவும் என்று எனக்கு இரண்டு கோடைகள் தெரியவில்லை. மூன்றாவது கோடையில் தெரிந்தது.

அது பங்குனி கடைசி. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. சரிவெங்கும் புல் இடுப்பளவு உயரத்துக்குக் காய்ந்து நின்றது. கால் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தீக்காவலுக்கு உள்ளூர் ஆட்கள் இருவர் என்னோடு வந்திருந்தார்கள். மதியச் சோறு முடித்துக்கொண்டு ஒரு மேட்டின் மேல் ஏறிப் பார்த்தபோது, கீழே தெற்கில், ஓடை மலையை விட்டு வெளியேறும் இடத்தில் புகை தெரிந்தது. முதலில் நூல் மாதிரி இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் மாதிரி விரிந்தது. யாராவது புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்தியிருக்கலாம், பீடியை அணைக்காமல் போட்டிருக்கலாம். கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை.

அடிவாரத்து ஊரை ஒட்டிக் காய்ந்த புல்லைச் செதுக்கித் தீக்கோடு வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் நெருப்பு பக்கவாட்டில் பரவி வைக்கோல் போருக்கும் கூரைகளுக்கும் போய்விடும். இரண்டு பேரையும் வடக்குப் பாதை வழியாக ஊருக்கு ஓடச் சொன்னேன். ஆட்களைக் கூட்டி வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, நெருப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் வருவதாகச் சொன்னேன். அவர்கள் போனதும்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. டொக், டொக் என்று. எனக்கும் புகைக்கும் நடுவில் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். மூன்று பெண்கள். விறகைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அடர்ந்த மரங்களுக்குள் இருந்ததால் புகை அவர்கள் கண்ணில் படவில்லை. வாடை அடித்திருக்கும், யாரோ கொல்லையில் சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் வழக்கமாக இறங்குகிற பாதை ஓடைப் பள்ளத்துக்குள் போவது. நான் விசிலை எடுத்து ஊதினேன்.

அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காக்கிச் சட்டை தெரிந்தது. மூன்று பேரும் ஓட ஆரம்பித்தார்கள். நேராக ஓடையை நோக்கி.

அனுமதியில்லாமல் விறகெடுப்பவர்களை அந்தக் காலத்தில் நாங்கள் துரத்துவோம், அரிவாளைப் பிடுங்கிக்கொள்வோம். ஆகவே அவர்கள் ஓடியதில் தப்பே இல்லை. ஆனால் காய்ந்த மூங்கில் நிறைந்த ஓடைப் பள்ளம் என்பது அடுப்புக்கு மேல் வைத்த புகைக்கூண்டு மாதிரி. அதன் கீழ்வாயில் நெருப்பு பிடித்துவிட்டால், ஏறுகிற காற்று அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே கொண்டுவரும். நான் ஓட ஓட அவர்களும் வேகமாக ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் துரத்தியிருந்தால் நானே அவர்களை நெருப்புக்குள் விரட்டியவனாவேன்.

நின்றுவிட்டேன். விசிலைப் பையில் போட்டேன். தொப்பியையும் காக்கிச் சட்டையையும் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று, கைகளைக் குவித்துக் கத்தினேன். "அம்மா, கீழ போகாதீங்க. ஓடையில தீ வருது. நான் புடிக்க வரல."

அவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "அய்யய்யோ, சட்டைய வேற கழட்டிட்டான்" என்றாள்.

"சும்மா இருடி" என்றாள் மூத்தவள். "தீங்கிறாரு, காதுல வுழுவல?" அவள் நின்றாள். அவள் நின்றதும் மற்ற இருவரும் நின்றார்கள். அந்த நேரத்தில் பள்ளத்துக்குக் கீழேயிருந்து மூங்கில் வெடிக்கிற சத்தம் வந்தது. வேட்டுப் போட்ட மாதிரி. அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூத்தவள் செல்லம்மாள், ஐம்பது வயதிருக்கும். சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டவள் அவள் பக்கத்து வீட்டுப் பாக்கியம். மூன்றாமவள் செல்லம்மாளின் மருமகள் அஞ்சலை; கைக்குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு வந்தவள். மூன்று பேரும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் விறகுதான் அவர்களுக்கு வழி.

"கீழயும் போவ முடியாது, மேலயும் போவ முடியாது" என்றேன். "நம்ம ஓட்டத்த விட அது வேகமா மேல ஏறும். பக்கவாட்டுல போயி அந்த மொட்டப் பாறையில ஏறிடுவோம். அங்க எரியறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வெறகு?" என்றாள் செல்லம்மாள்.

"போடுங்க கீழ."

"காலைலேருந்து வெட்டுனது சாரு. இது இல்லன்னா அடுப்பு எரியாது."

"அம்மா, ஒரு பொறி பறந்து வந்து உங்க தலையில வுழுந்தா, கட்டோட எரிவீங்க. தீய விட்டு ஓடுறோம், தலையில தீயவா தூக்கிட்டுப் போறது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கட்டு உருண்டு விழுந்தது. மற்ற இரண்டு கட்டுகளும் விழுந்தன. அந்த மூன்று கட்டுகளையும் போடவைத்தது, பின்னால் நடந்த எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

மொட்டைப் பாறை என்பது மலையின் தோளிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பெரிய கருங்கல் மண்டை. உங்களில் பீட் ரோந்து போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று பக்கம் செங்குத்து. மலையோடு ஒட்டுகிற ஒரு பக்கம் மட்டும் சாய்வாக இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் அதன் வழியாகத்தான். அந்தச் சாய்வின் மேல் முனையில் ஒரு குழி, அதில் கோடையிலும் கொஞ்சம் சுனைத் தண்ணீர் நிற்கும். அதில் முந்தானைகளை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். என் துண்டையும் நனைத்துக்கொண்டேன். பாறையின் வெளி விளிம்புப் பக்கம், புகை கொஞ்சம் குறைவாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தோம்.

நெருப்பு ஓடை வழியாக ஏறியதைப் பார்த்தோம். அதை விவரிக்கப் போவதில்லை. நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள், பார்க்காமலிருந்தால் நல்லது. நாங்கள் நின்றிருந்த பாதை, அவர்கள் விறகு போட்ட இடம், என் சட்டை தொங்கிய மரம் எல்லாம் புகைக்குள் போயின. அஞ்சலை, "புள்ள பசிக்கு அழுவும்" என்று ஒரு தரம் சொன்னாள். ஒரு முயல் சாய்வில் ஏறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வேறு போக்கில்லாமல் ஒரு பிளவில் ஒடுங்கிக்கொண்டது. பெரிய உடும்பு ஒன்று பாறைச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் கரடி வந்தது.

புகைக்குள்ளிருந்து கருப்பாக ஒன்று சாய்வில் ஏறி வருவதை முதலில் பார்த்தவள் அஞ்சலைதான். என் கையைப் பிடித்து அழுத்தினாள். பெண் கரடி. முதுகு மயிரை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டு குட்டிகள். அது நேராகச் சுனைக்கு வந்தது. குடித்தது. தலையைத் தூக்கியபோது எங்கள் வாடை அதற்கு எட்டியது. எழுந்து இரண்டு காலில் நின்றது. நெஞ்சில் வெள்ளை வளைவு தெரிந்தது. மூச்சை ஊதுகிற சத்தம், கொல்லன் துருத்தி மாதிரி.

கரடியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். புலியை விட, சிறுத்தையை விட, நம் ஆட்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அடித்தால் முகத்தில்தான் அடிக்கும். குட்டியோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்களுக்குப் பின்னால் செங்குத்துப் பள்ளம், அதற்குக் கீழே நெருப்பு. இறங்குகிற ஒரே வழியில் அது நிற்கிறது.

பாக்கியம் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தாள். "கத்தினா ஓடிடும் சாரு" என்று கிசுகிசுத்தாள். "எல்லாரும் சேந்து ஒரு சத்தம் போடுவோம்."

காட்டில் நடந்து போகும்போது சத்தம் போட்டால் கரடி விலகிப் போகும், உண்மை. ஆனால் அது போவதற்கு இடம் இருந்தால்தானே போகும். அந்த நேரத்தில் அதற்குப் பின்னாலும் நெருப்பு. துரத்தினால் அது எங்கே ஓடும்? எங்கள் மேல்தான் ஓடிவரும்.

"எதுவும் செய்யாதீங்க" என்றேன். "அரிவாள கீழ வைங்க. ஒட்டி உக்காருங்க. அது கண்ணப் பாக்காதீங்க."

"எம்மாந் நேரம்?"

"அது போற வரைக்கும். கரடி மொதல்ல எறங்கட்டும். அப்புறம் நாம."

சொல்லிவிட்டேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. கரடிக்குப் பார்வை மட்டு. மூக்குதான் அதற்கு எல்லாம். புகை கலைந்து கலைந்து வரும்போது எங்கள் வாடை வருவதும் மறைவதுமாக இருந்தது. மறந்துபோய் மறுபடி திடுக்கிட்டால் பாய்ந்துவிடும். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு விடாமல் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், பயமும் வரக்கூடாது. எப்படி?

அந்த நேரத்தில் செல்லம்மாள் பேச ஆரம்பித்தாள். என்னிடம் இல்லை. கரடியிடம்.

"இந்தா தாயி, நீ அங்கயே இரு" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலி ஓரமாகப் பேசுகிற குரலில். "தண்ணிய நீயே வச்சுக்க. நாங்க இங்கதான் குந்தியிருக்கோம். உன் புள்ளைங்கள நாங்க ஒண்ணும் செய்யல. இங்க ஒருத்தி புள்ளைய வூட்டுல வுட்டுட்டு வந்து தவிச்சுக்கிட்டு இருக்கா. நீயாவது முதுகுல தூக்கிட்டு வந்துட்ட."

கரடியின் காதுகள் அசைந்தன. ஊதுகிற சத்தம் கொஞ்சம் தணிந்தது. முன்கால்களைக் கீழே வைத்தது.

"நிறுத்தாதீங்கம்மா" என்றேன் மெதுவாக. "இதே கொரல்ல பேசிக்கிட்டே இருங்க. எதையாவது பேசுங்க."

"எதப் பத்தி?"

"எதப் பத்தி வேணும்னாலும்."

செல்லம்மாள் பேசினாள். குத்தகைக்கு எடுத்துச் சின்ன வெங்காயம் போட்ட துண்டு நிலத்தில் இந்த வருஷம் நுனி கருகியதைப் பேசினாள். குரும்பலூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசினாள். அவள் மாமியாருக்கு எதிலும் திருப்தி கிடையாதாம். அஞ்சலை குழம்புக்குப் புளியை அள்ளிக் கொட்டுவதைப் பற்றிச் சொன்னாள். அஞ்சலை அந்த நிலையிலும், "எப்ப கொட்டுனேன்" என்று அதே தணிந்த குரலில் கேட்டாள். குரல் ஓய்ந்தபோது பாக்கியம் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒருமுறை பேச்சு பிடித்துவிட்டால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தன் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்து போன கதையைச் சொன்னாள். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கும் வந்தது. சிரிப்பைத் துண்டுக்குள் அடக்கிக்கொண்டோம்.

கரடி சுனையோரம் படுத்துக்கொண்டது. குட்டிகள் இறங்கிப் பால் குடித்தன. அதைப் பார்த்ததும் அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு மாரில் பால் கட்டி வலியெடுத்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது; செல்லம்மாள்தான் பிறகு சொன்னாள்.

நெருப்பு எங்களைத் தாண்டி மேலே போயிற்று. இருபுறமும் தரை கறுத்துக் கிடந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டைகள் புகைந்தன. "இப்ப போயிடலாமே தம்பி" என்றாள் அஞ்சலை. சாராக இருந்தவன் எப்போது தம்பியானேன் என்று நான் கவனிக்கவில்லை. "ஓரமா ஒட்டிக்கிட்டே போனா அது கண்டுக்காது. அதுவும் என்ன மாதிரிதான் குந்தியிருக்கு."

அவள் கெஞ்சியபோது எனக்கும் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. சாய்வு அகலமானதுதான். கரடி அசதியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்டு கண் எரிந்தது. குழந்தையைப் பெற்றவளிடம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் சாம்பல் மேல் நடந்தால் ஏதாவது முறியும், நொறுங்கும். தூக்கத்திலிருந்து எழுந்து, கைக்கெட்டும் தூரத்தில் எங்களைப் பார்த்தால் அது என்ன செய்யும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாத விஷயத்தில் மூன்று பேர் முகத்தைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

"இல்ல, தாயி" என்றேன். "புள்ள அழுவட்டும். அழுதா ஒண்ணும் ஆயிடாது. அம்மா முழுசா வரணும்."

அவள் மாமியார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். என் மேல் கோபம் என்று தெரிந்தது. கரடியிடம் பேசுகிற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பொழுது சாயச் சாய, முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. சிறிது நேரம் எதுவும் இல்லை. பிறகு மலையிலிருந்து குளிர்ச்சியாக முகத்தில் வந்து அடித்தது. கரடியின் வாடை இப்போது எங்களுக்கு வந்தது. எங்கள் வாடை அதற்குப் போகாது. "கொஞ்சம் கொரல ஒசத்திப் பேசுங்க" என்றேன். இனி எங்கள் பேச்சு ஒன்றுதான் அதற்கு அடையாளம். புகையெல்லாம் பள்ளத்தை நோக்கி வடிந்தது. மேலே முகடு தெளிவாகத் தெரிந்தது.

கரடி எழுந்தது. எங்கள் பக்கம் ஒருமுறை மூக்கை நீட்டியது. குட்டிகள் தொற்றிக்கொண்டன. சாய்வில் இறங்கி, சாம்பலில் காலை வைத்து, எடுத்து, வேறிடத்தில் வைத்து, ஈரத்தரையில் பூனை நடப்பது போல நடந்து, முகட்டை நோக்கிப் போயிற்று. முகட்டுக்கு அந்தப் பக்கம் மறையும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. மறைந்த பிறகும் நான் கொஞ்சம் காக்கவைத்தேன். அதற்குள் முயல் எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை.

வடக்குப் பாதை எரியாமல் இருந்தது. அதன் வழியாக இறங்கினோம். அடிவாரத்தில் ஊரே தீயை அடிக்க வேப்பங்குழைகளோடு நின்றது. தீக்கோடு வெட்டியாகிவிட்டது, ஒரு கூரைகூடப் போகவில்லை. செல்லம்மாளின் புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையின் வாயிலேயே நின்றுகொண்டிருந்தார். அஞ்சலை குழந்தையை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து, திரும்பாமலே, "தம்பிக்கு யாராச்சும் ஒரு சட்ட குடுங்க" என்றாள். அப்போதுதான் கோபம் போயிற்று என்று தெரிந்தது. எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் ரேஞ்சர் வந்தார். அதற்குள் ஊரில் இரண்டு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கரடி ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, சுட்டுத் தள்ள வேண்டும் என்று சில ஆண்கள். எங்கள் ஆபீசில் ஒருவர், தடைசெய்த காட்டுக்குள் அந்தப் பெண்கள் போனதுதான் குற்றம், கேஸ் எழுத வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் ரேஞ்சரின் வாயைப் பார்த்தது.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனார். சுனையைப் பார்த்தார். சாம்பலில் கரடியின் தடத்தை முகடு வரை பார்த்தார். முகட்டுக்கு அந்தப் பக்கம் பாறைக் குகைகள் இருந்தன. திரும்பி வந்ததும் செல்லம்மாளைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இனிமே வெறகுக்கு எந்தப் பக்கம் போவீங்க?"

அவள் பயந்துகொண்டே, "இனிமே போவல சாமி" என்றாள்.

"பொய் சொல்லாதம்மா. அடுப்பு எரியணும்ல. போவீங்க. எந்தப் பக்கம்?"

அவள் யோசித்தாள். "வடக்கால காஞ்ச உசில நெறைய கெடக்கு. தூரம்."

"தூரமா இருந்தாலும் அங்கயே போங்க. மழை புடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் போவ வேண்டாம். அதுக்குள்ள குட்டிங்க தாயோட பொழைச்சுக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வடக்கால கீழ கெடக்கறத எடுத்தா கண்டுக்காத. பச்ச மரத்துல அரிவாள் பட்டா புடி."

துப்பாக்கி கேட்ட ஆண்களிடம், "அதுவும் குட்டிங்களோட மூணு பேருதான், இவங்களும் மூணு பேருதான். ஒரு பாறையில ஒரு மத்தியானம் பூரா சண்டையில்லாம இருந்துருக்காங்க. இப்ப எதுக்கு நாம நடுவுல?" என்றார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்தபிறகு துப்பாக்கிப் பேச்சு எடுபடவில்லை. கேஸும் எழுதப்படவில்லை.

அவர் என்னைப் பாராட்டவில்லை. திரும்பும்போது ஜீப்பில், "சட்டையக் கழட்டுனியாமே" என்றார். "ஆமாங்க சார்." "அதுதான் சரி" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது பெரிதாக ஒன்றுமில்லை. நெருக்கடியில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். யூனிபாரம் போட்டவன் கைக்கு அந்தத் துடிப்பு இன்னும் அதிகம். விசில் ஊதியதும் துரத்தியதும் என் பயிற்சி சொன்ன வேலைகள். அவை இரண்டும் அன்று அவர்களைக் கொல்லப் பார்த்தன. நிறுத்தியதும் காத்திருந்ததும்தான் காப்பாற்றின. எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஓடவேண்டிய நேரமும் வரும். எந்த நேரம் எது என்று அந்த இடத்தில் நின்று, காற்றையும் எதிரே இருப்பவர் முகத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்துக்குள் நான் வனவராகப் பதவி உயர்ந்து, அரியலூர்ப் பக்கம் மாற்றலாகியிருந்தேன். ஒருநாள் பெரம்பலூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், பக்கத்தில் வெங்காய வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார். வேட்டி சட்டையில் இருந்த என்னை அவருக்கு யாரென்று தெரியாது. மலைப் பக்கம் கை காட்டி, "அங்க நடந்த கதை தெரியுமாங்க?" என்று ஆரம்பித்தார்.

பாறையின் மேல் ஏழெட்டுக் கரடிகளாம். சுற்றி நெருப்பாம். நடுவில் மூன்று பொம்பளைகளாம். "கார்டு ஒருத்தனும் இருந்துருக்கான். கீழ தஞ்சாவூர் எல்லைப் பக்கத்து ஆளு போல, மலையே பாத்ததில்ல. பயந்து போயி வாயத் தொறக்கலையாம். அந்தப் பொம்பளைங்கதான் கரடிங்ககிட்ட பேசிப் பேசியே அதுங்கள உக்கார வச்சு, அவனையும் பத்தரமா கீழ எறக்கிக் கூட்டியாந்தாங்களாம்."

"அப்பிடிங்களா?" என்றேன்.

"ஆமாங்க. அந்தம்மாவே சொன்னிச்சு. எங்கிட்ட வெங்காயம் போடுற அம்மாதான்." என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க நம்பலையா?"

யோசித்துப் பார்த்தேன். கரடிகளின் கணக்கைத் தவிர மறுப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

"நம்புறேங்க" என்றேன். "அந்தக் கார்டு பொழைச்சது அந்த அம்மாவாலதான்."

அவருக்குத் திருப்தி. மடியிலிருந்த வறுத்த கடலையில் ஒரு கை அள்ளி என் கையில் வைத்தார். ஊர் வரும்வரை இருவரும் தின்றுகொண்டே வந்தோம்.